பழைய குரூசர் மோட்டாரை 2,000 வெள்ளிக்குள்ள சரி பண்ணி விக்க: கை பட்டவங்க சொல்லுங்க

செந்தூல் ஸ்பேனர்:

விக்கறதுக்குன்னு வாங்குற மோட்டார்ல நம்ம ஆசையை ஏத்தக் கூடாது. மண்டையோடு போட்ட கண்ணாடி, நெருப்புப் படம் போட்ட டேங்க், காது கிழியுற பைப் எல்லாம் வாங்குறவன் கழட்டி வீசப்போற சாமான். அதுக்கு அவன் காசு தர மாட்டான், கழட்டுற கூலியைத்தான் விலையில குறைப்பான்.

பேச்சுக்கு யமஹா டிராக்ஸ்டார் 400ஐ வெச்சுக்குவோம். வி-ட்வின், ஏர் கூல், பின்னாடி செயின் இல்லாம ஷாஃப்ட். மத்த குரூசருக்கும் முக்கால்வாசி இதே கதைதான். 2,000 வெள்ளின்னு கை கட்டிக்கிட்டா அதுல பாதிக்கு மேல டயர், பிரேக், பேட்டரி, எண்ணெய், கார்புரேட்டர் சாமானுக்கே போயிடும். மிச்சத்துலதான் சீட்டும் பெயிண்ட்டும் லைட்டும். தலைகீழா செலவு பண்ணினா டெஸ்ட் ரைடு போன ரெண்டாவது நிமிஷமே குட்டு உடைஞ்சிடும்.

டயர்ல இருந்து ஆரம்பிங்க. பக்கவாட்டுல டாட் (DOT) எழுத்துக்குப் பின்னாடி வர்ற வரிசையோட கடைசியில நாலு இலக்கம் இருக்கும். 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். டயர் பூ (வரிப்பள்ளம்) நிறைய இருக்குன்னு ஏமாறாதீங்க, ஆறேழு வருஷம் ஆன ரப்பர் மழையில சோப்பு மாதிரி வழுக்கும். டிராக்ஸ்டார் கஸ்டம் மாடலுக்கு முன்னாடி 100/90-19, பின்னாடி 170/80-15. அந்தப் பின் டயர் எல்லாக் கடையிலயும் தொங்காது. மோட்டாருக்கு முன்பணம் கொடுக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு கடைக்கு போன் போட்டு விலை கேட்டுடுங்க. கணக்கே அதுல மாறும்.

பின் சக்கரம் கழட்டுற நேரத்துல ஷாஃப்ட் பக்கம் சக்கரத்தைக் கோத்துப் பிடிக்கிற ஸ்ப்ளைன் பல்லைப் பாருங்க. காய்ஞ்சு செம்மண் நிறத்துல தூள் இருந்தா யாரும் கிரீஸ் வெக்கலைன்னு அர்த்தம். பல் முனை கத்தி மாதிரி கூர்ந்து போயிருந்தா ஹப்பும் சேர்ந்து மாத்தணும், அப்போ லாபத்தை மறந்துட வேண்டியதுதான். நல்லா இருந்தா மாலிப்டினம் கலந்த கிரீஸ் மெல்லிசா தடவுங்க. ஃபைனல் கியர் எண்ணெய் இருநூறு மில்லிக்கும் குறைவுதான் பிடிக்கும், ஒரு சின்ன பாட்டில் போதும். எஞ்சினுக்கு ஜாசோ எம்.ஏ. (எண்ணெயில ஊறுற மோட்டார் கிளட்ச்சுக்கு ஏத்ததுன்னு முத்திரை) போட்ட எண்ணெய் மட்டும். மலிவா கிடைக்குதுன்னு கார் எண்ணெய் ஊத்தினா அதுல இருக்குற வழுக்குற மருந்து கிளட்ச் தட்டுல ஏறும். கியர் போட்டு முறுக்கினா சத்தம் மட்டும் ஏறும், வண்டி நகராது.

பிறை பாலம்:

ஸ்பேனர் அண்ணே நேரா வேலைக்குப் போயிட்டாரு. அதுக்கு முன்னாடி கெரான், அதாவது மோட்டாரோட பதிவு அட்டை, இருக்கு லா.

சாசி நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் துணியால துடைச்சு, டார்ச் அடிச்சு, கெரானோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. நம்பரைச் சுத்தி மட்டும் தேய்ச்ச தடம், புதுப் பெயிண்ட் இருந்தா திரும்பிப் பாக்காம நடங்க. எஞ்சின் மாத்தினது ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவுல ஏறலைன்னா நீங்க விக்கும்போது அது உங்க தலைவலி.

"சம்போங் பாயார்" விளம்பரம் நிறைய வரும். கடன் முடியாத மோட்டார், மாசத் தவணையை நீ கட்டுன்னு சொல்லுவாங்க. கடன் கொடுத்த கம்பெனி உரிமை அதுல இருக்குற வரைக்கும் பேர் மாத்த முடியாது. பேர் மாத்த முடியாத சாமானை மறுபடி விக்க முடியுமா?

நம்ம பினாங்கு, கெடா ஆளுங்களுக்குத் தனியா ஒரு விஷயம். கே.வி.ன்னு ஆரம்பிக்கிற பிளேட் லங்காவி. அங்க வரி இல்லாம பதிஞ்சது. விலை ரொம்பக் குறைவா இருக்கும், ஆனா வரி கட்டாம பெருநிலத்துல வெச்சு விக்க முடியாது.

இன்னொண்ணு லைசன்ஸ். நம்ம பசங்க பெரும்பாலும் பி2, 250 சிசி வரைக்கும்தான். அதனால விராகோ 250, பழைய மோடெனாஸ் ஜாகு 175 மாதிரி மோட்டாருக்கு வாங்குற ஆள் ஜாஸ்தி, சீக்கிரம் போகும். 400க்குப் பெரிய லைசன்ஸ் வேணும், ஆள் குறைவு, பேரம் நீளும், ரோட் டாக்ஸும் கூட. லாபம் 400ல பெருசாத் தெரியலாம். ஆனா மூணு மாசம் தாழ்வாரத்துல நின்னா பேட்டரியும் கார்புரேட்டரும் மறுபடி வேலை கேக்கும்.

கடலோர மோட்டார்ல முன் சக்கரத்தைத் தாங்குற ஃபோர்க் குழாயைத் தொட்டுப் பாருங்க. நகத்தை மேலருந்து கீழ இழுத்தா தடுக்குற இடம் உப்புத் தின்ன குழி. அது சீல் ஓடுற எல்லைக்குள்ள இருந்தா புது சீல் போட்டாலும் ஒரு மாசத்துல எண்ணெய் கசியும், ஏன்னா ரப்பர் உதட்டை அந்தக் குழி ஒவ்வொரு ஏத்த இறக்கத்துலயும் சீவும். எல்லைக்கு மேல இருந்தா கவலை வேணாம்.

கெப்போங் வயர்:

எல்.இ.டி. சிக்னல் பத்தி எழுதறேன். பட்ஜெட் வேலையில முதல்ல எல்லாரும் மாத்துறது இது, முதல்ல சொதப்புறதும் இதுதான்.

பழைய சிக்னல் பல்பு ஒண்ணு 21 வாட். ஒரு பக்கத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து 42. ஃபிளாஷர் ரிலே அந்த அளவு கரண்ட் ஓடும்னு எதிர்பாத்துதான் நிதானமா சிமிட்டும். எல்.இ.டி. ரெண்டும் சேர்ந்து நாலஞ்சு வாட்தான் இழுக்கும். ரிலே பல்பு ஒண்ணு போச்சுன்னு நெனச்சு படபடன்னு அடிக்கும், இல்லைன்னா ஒரேயடியா எரிஞ்சு நிக்கும். இதுக்கு எல்.இ.டி. ரிலே ஒண்ணு மாத்தினாப் போதும். வாங்குறதுக்கு முன்னாடி பழைய ரிலேயில ரெண்டு கால் இருக்கா மூணு கால் இருக்கான்னு பாருங்க, மூணுன்னா எந்தக் கால் எதுன்னு குறிச்சுக்கோங்க. ரெசிஸ்டர் போட்டும் ஏமாத்தலாம், 8 ஓம் 50 வாட். ஆனா சிக்னல் போட்டு விட்டா கை வைக்க முடியாத சூடு வரும். ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ள வயரோட சேர்த்துக் கட்டி வயர் தோல் உருகின மோட்டார் வரத்தான் செய்யுது. போட்டே ஆகணும்னா சும்மா தொங்க விடாம இரும்புல திருகி வைங்க.

ரிலே மாத்தியும் ஒரு பக்கம் போட்டா நாலும் சேர்ந்து சிமிட்டுதா? டயல்ல ஒரே ஒரு பச்சை லைட் இருக்குற மாடல்ல இது பெரும்பாலும் வரும். அந்தச் சின்ன பல்புக்குத் தனி எர்த் கிடையாது. இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவுல உக்காந்திருக்கும். இடது போட்டா கரண்ட் அது வழியா வலது பக்க பல்புக்குப் போய் அங்க எர்த் ஆகும். 21 வாட் பல்பு அந்தத் துளிக் கரண்ட்டுல எரியாது, எல்.இ.டி. எரிஞ்சிடும். மருந்து ரெண்டு 1என்4007 டயோட். ஜாலான் பசார் பக்கம் எலெக்ட்ரானிக் கடையில சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஒண்ணு இடது வயர்ல, ஒண்ணு வலது வயர்ல. வெள்ளிக் கோடு போட்ட முனை ரெண்டையும் ஒண்ணா முறுக்கி, ஈயம் வெச்சு, பச்சை பல்போட ஒரு காலுக்கு. பல்போட இன்னொரு காலை சாசிக்கு எர்த் பண்ணுங்க. மேல சுருங்குற டியூப் போட்டுடுங்க, கறுப்பு டேப் நம்ம ஊர் வெயில்ல பிசுபிசுன்னு உரிஞ்சிடும்.

சார்ஜிங் பாக்காம எதையும் மாத்தாதீங்க. மீட்டரை பேட்டரியில வெச்சு 4,000, 5,000 ஆர்.பி.எம். வரைக்கும் ஏத்தினா 13.8ல இருந்து 14.5 வோல்ட்டுக்குள்ள நிக்கணும். 13ஐத் தொடலைன்னா ஸ்டேட்டர் (கரண்ட் உண்டாக்குற சுருள்), ரெக்டிஃபையர் (அந்தக் கரண்ட்டை பேட்டரிக்கு ஏத்தபடி மாத்துறது), இல்லைன்னா நடுவுல கருகின பிளக். 15ஐத் தாண்டினா ரெக்டிஃபையர் போச்சு, புது பேட்டரியை அவிச்சே தள்ளிடும். முதல்ல அந்த பிளக்கைக் கழட்டிப் பாருங்க. பழுப்பேறி உருகியிருந்தா வெட்டி எறிஞ்சு புது டெர்மினல் அடிச்சாலே பாதி கேஸ் முடிஞ்சிடும்.

கமுந்திங் தம்பி:

அண்ணேங்களா, ஒரு சந்தேகம். ஏர்பாக்ஸ் (காத்து வடிகட்டிப் பெட்டி) எடுத்துட்டு கார்புரேட்டர் வாயிலேயே மாட்டுற பாட் ஃபில்டர், எக்ஸாஸ்ட் பைப்பைக் குட்டையா வெட்டி, பின் சாசியை அறுத்து, பின்பக்கம் குட்டையா நிக்குற பாபர் ஸ்டைல் பண்ணினா விலை ஏறும்னு பட்டறையில சொல்றாங்க. 1,200 வெள்ளி கேக்கறாங்க. பண்ணலாமா?

ஜெலுத்தோங் ஜெட்:

வேணாம் தம்பி. ஏன்னு சொல்றேன்.

இந்த மோட்டார்ல இருக்குறது சி.வி. கார்புரேட்டர். கை முறுக்கினா பட்டாம்பூச்சித் தட்டு மட்டும்தான் திறக்கும். மேல இருக்குற ஸ்லைடைத் தூக்குறது காத்தோட உறிஞ்சல். ஏர்பாக்ஸ் அந்தக் காத்தை அலையில்லாம அமைதியாக் கொடுக்கும்படி கம்பெனி அளந்து செஞ்சது. அதை எடுத்துட்டு பாட் மாட்டினா காத்து கூடிடும், ஸ்லைடு தூக்கறதும் தடுமாறும். ஐடில் (முறுக்காம நின்னபடி ஓடுறது) நல்லா இருக்கும், முழுசா முறுக்கினாலும் ஓடும், நடுவுல மட்டும் திணறும். ஊருக்குள்ள ஓட்டுறது முழுக்க அந்த நடுவுலதான். பெட்ரோல் அளந்து விடுற ஜெட்டைப் பெருசா, ஊசிக்கு வாஷர், பைலட் ஜெட்னு மாத்தி மாத்தி, ஒவ்வொரு தடவையும் ரெண்டு கார்புரேட்டரைக் கழட்டணும். ஜெட் காசு கம்மி, நாள் போகுது. மழைத் தண்ணி நேரா பாட் மேல அடிக்கறது தனிக் கதை.

பைப்பைக் குட்டையா வெட்டினா கை விட்டதும் படார் படார்னு வெடிக்கும். கலவையில பெட்ரோல் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். சத்தத்துக்கு ரோட்ல நிறுத்துவாங்க, சம்மன் யார் பேர்ல வரும்னு யோசி. துணி மாதிரி சுத்துற வெப்பப் பட்டையும் வேணாம். நம்ம மழையில அது ஈரத்தைப் பிடிச்சு வெச்சு பைப்பை உள்ளேயே அரிக்கும். விவரம் தெரிஞ்சவன் பட்டை சுத்தின பைப்பைப் பாத்தா ஓட்டையை மறைச்சிருக்கான்னுதான் நெனப்பான்.

அந்த 1,200ல என்ன பண்ணலாம்னா, ரெண்டு கார்புரேட்டரையும் இறக்கு. ஃபுளோட் கிண்ணத்துல பச்சையா, இல்லை தேன் மாதிரி பழுப்பா ஒட்டியிருந்தா பைலட் ஜெட் நிச்சயம் அடைஞ்சிருக்கும். அதோட துளை ஊசி முனையை விடச் சின்னது. கம்பி விட்டுக் குத்தாதே, பித்தளை, துளை பெருசாயிடும். கார்ப் கிளீனர்ல ஊற வெச்சு காத்தடி. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா முழு வட்டம் தெரியணும். பைலட் ஸ்க்ரூவைக் கழட்டுறதுக்கு முன்னாடி உள்ளுக்கு எத்தனை சுத்துன்னு எண்ணி எழுதி வை. அதுக்குள்ள ஸ்பிரிங், குட்டி வாஷர், ஓ-ரிங் மூணும் இருக்கும். ஓ-ரிங் பழைய ஓட்டையிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், அது இல்லாம மாட்டினா எவ்வளவு ட்யூன் பண்ணினாலும் ஐடில் நிக்காது. ஸ்லைடு மேல இருக்குற ரப்பர் டயாஃப்ரத்தை பல்பு வெளிச்சத்துல விரிச்சுப் பாரு, ஊசிக் குத்து அளவு ஓட்டை இருந்தாலும் அந்த சிலிண்டர் தூக்கம்தான். அதை மட்டும் கிளீனர்ல போடாதே, ஊதிப் பெருத்துடும்.

மாட்டினதும் ஐடில்ல விட்டுட்டு, இன்டேக் ரப்பரைச் சுத்தி லேசா கிளீனர் அடி, சூடான பைப் பக்கம் போகாம. எஞ்சின் சத்தம் மாறினா ரப்பர் வெடிச்சிருக்கு. கடைசியா வாக்குவம் கேஜ் ரெண்டு மாட்டி ரெண்டு சிலிண்டரையும் சமப்படுத்து. கேஜ் இல்லைன்னா பட்டறையில அந்த வேலையை மட்டும் கொடு. வி-ட்வின் அந்த டுக்-டுக் தாளத்துல ஐடில் பிடிச்சு நிக்குறதுக்குத்தான் ஆள் காசு தர்றான்.

செந்தூல் ஸ்பேனர்:

சாசி அறுக்கறதுக்கு நான் சொல்றேன். ஃபெண்டரைத் தாங்குற பின் சாசியை அறுத்துட்டா திரும்பி வழி கிடையாது. பழையபடி வேணும்னு கேக்குறவனுக்கு விக்க முடியாது, பாபர் பிடிச்சவனோ தானே வெட்டிக்குவான். அது மட்டுமில்ல, வாங்க வர்றவன் முக்காவாசி நேரம் வீட்டம்மாவோட வருவான். பின்னாடி உக்கார இடமும் கால் வெக்க பெடலும் இல்லைன்னா அவங்க ஒரு பார்வையிலயே பேரம் முடிஞ்சிடும்.

குட்டையாத் தெரியணும்னு பின் ஷாக்கைக் குறைச்சதாப் போடுறவங்களும் இருக்காங்க. ஷாக்கைக் கழட்டிட்டு ஜாக்கால சக்கரத்தை மெதுவா மேல வரைக்கும் தூக்கிப் பாருங்க. ஃபெண்டர் உள்பக்க போல்ட்டுக்கும் டயருக்கும் நடுவுல ரெண்டு விரல் போகலைன்னா ஆள் ஏறி ஒரு குழியில விழுந்ததும் டயர் சீவிடும். சைட் ஸ்டாண்டும் நீளமாத் தெரியும், மோட்டார் நிமிர்ந்து நின்னு எதிர்ப்பக்கம் சாயும்.

ஹேண்டில் பார் மாத்தறது மட்டும் காசுக்குத் தகுந்த மாத்தம். கம்மிச் செலவுல ஆளே மாறின மாதிரி இருக்கும். வெர்னியர் வெச்சு அளங்க, 22 மில்லியா 25.4 மில்லியான்னு. கண்ணால பாத்து வாங்கி ரெண்டு தடவை திருப்பி அனுப்புற ஆளுங்கதான் ஜாஸ்தி. உயரமான பார்னா கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ், சுவிட்ச் வயர் நாலும் நீளணும், பட்ஜெட் பறந்துடும். தாழ்ந்த நேர் பார்னா பழைய கேபிளே போதும், வளைவு மட்டும் மடங்காமப் பாருங்க. மாட்டினதும் ஐடில்ல விட்டு இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்க. ஒரு பக்கம் திருப்பும்போது எஞ்சின் சத்தம் தானா ஏறினா கேபிள் இழுக்குதுன்னு அர்த்தம். யூ-டர்ன் போடும்போது மோட்டார் தானாப் பாயும், விளையாட்டு இல்ல.

சீட் தையலுக்குக் கொடுக்கும்போது நுரைக்கும் உறைக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் தாள் போடச் சொல்லுங்க. இல்லைன்னா தையல் ஓட்டை வழியா மழை இறங்கி, வெயில்ல நிறுத்தி வெச்சு உக்காந்தா ரெண்டு நாள் கழிச்சும் கால்சட்டை நனையும். உறையை அடிக்கிற பின்னு எவர்சில்வரா இருக்கணும்.

பாயான் பெயிண்ட்:

பெயிண்ட் பத்தி கேக்காமலே எழுதறேன், ஏன்னா வரிசை தப்பாத்தான் எல்லாரும் பண்றாங்க. டேங்க் உள்பக்கத் துருவை எடுத்துட்டு அப்புறம்தான் வெளிப்பக்கம்.

16 லிட்டர் டேங்க்குக்கு சிட்ரிக் ஆசிட் 800 கிராம், லிட்டருக்கு 50 கிராம் கணக்கு. கேக் சாமான் விக்கிற கடையில கிடைக்கும். பெட்ரோல் டேப், ஃபியூல் சென்ஸர் இருந்தா அதையும் கழட்டி ஓட்டையை அடைச்சிடுங்க. கை பொறுக்குற சூட்டுல தண்ணி கலந்து மூடி வரைக்கும் தளும்ப ஊத்துங்க. பாதி ஊத்தினா மேல் கூரை அப்படியே நிக்கும், துரு அங்கதான் ஜாஸ்தி. அரை டேங்க் பெட்ரோலோட நின்ன மோட்டார்ல காத்து ஈரம் படியற இடம் அது. 12 மணி நேரம் போதும். கொட்டிட்டு, சோடா மாவு நாலஞ்சு கரண்டி கலந்த தண்ணியால கழுவுங்க, நுரைக்கறது நின்னா புளிப்பு போச்சு. இப்போ வேகம் வேணும். சாம்பல் நிறமாப் பளிச்சின்னு இருக்குற இரும்பு நம்ம ஊர் காத்துல பத்து நிமிஷத்துல ஆரஞ்சு ஆகிடும். மெதிலேட்டட் ஸ்பிரிட் கால் லிட்டர் ஊத்திக் குலுக்கிக் கொட்டிட்டு, நல்லாக் காத்தாட விட்டு, ஸ்பிரிட் ஆவி போனதுக்கு அப்புறம் ஹேர் டிரையர் பிடிங்க. உடனே 2டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெய் 100 மில்லி ஊத்தி எல்லாப் பக்கமும் புரட்டிடுங்க.

வெளியில: பழைய பெயிண்ட் கெட்டியா ஒட்டியிருந்தா முழுசா உரிக்க வேணாம். 400 நம்பர் உப்புத்தாள்ல தண்ணி போட்டுத் தேய்ச்சு, நசுங்கின இடத்துல மட்டும் புட்டி, பிரைமர், மறுபடி 600, 800. கலர் மூணு மெல்லிய கோட், நடுவுல பத்துப் பதினஞ்சு நிமிஷம். ஒரே கோட்ல மூடப் பாத்தா கீழ் வளைவுல கண்ணீர் மாதிரி ஒழுகும். மேல கண்டிப்பா 2கே கிளியர், ஹார்டனர் கலந்தது. சாதாரண கேன் கிளியர் பளபளன்னு இருக்கும், பெட்ரோல் ஊத்தும்போது மூடியோரம் ஒரு சொட்டு வழிஞ்சா அன்னைக்கே சுருங்கி உரிஞ்சிடும். வாங்க வர்றவன் பெட்ரோல் மூடியோரத்தைத்தான் முதல்ல பாப்பான். 2கே அடிக்கும்போது கேஸ் மாஸ்க் போடுங்க, துணி மாஸ்க் பத்தாது, ஹார்டனர் நெஞ்சைக் கெடுக்கும்.

சாயங்கால மழைக்கு அப்புறம் அடிக்காதீங்க. தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிரும், காத்து ஈரம் அதுல படிஞ்சு வெள்ளையாப் பனி பூத்த மாதிரி ஆகும். கறுப்புல அப்பட்டமாத் தெரியும். வெயில் ஏறின காலை பத்து மணிக்கு மேல, நிழல்ல அடிங்க.

பிறை பாலம்:

கலர் பத்தி பெயிண்ட் அண்ணே விட்டது: கெரான்ல என்ன கலரோ அதையே அடிங்க. மாத்தினா ஜே.பி.ஜே.ல பதியணும், பதியாம வித்தா வாங்குறவன் அதையே சாக்கா வெச்சு விலையை அடிப்பான்.

பாயான் பெயிண்ட்:

மறுக்கறேன். வெளுத்துப் போன மெரூன் டேங்க்கை மறுபடி மெரூனே அடிச்சா எவனும் திரும்பிக் கூடப் பாக்க மாட்டான். பளபளப்பு இல்லாத கறுப்பு அடிச்சு முறையாப் பதிஞ்சுட்டா சீக்கிரம் போகுது. ஆனா அந்த மேட் கறுப்புல கை எண்ணெய்க் கறை, கீறல் எதையும் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது. படம் பிடிச்சு முடியற வரைக்கும் துணி போட்டு மூடி வைங்க.

குரோம் புள்ளித் துருவுக்குச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணி தொட்டுத் தேய்ங்க. அலுமினியம் குரோமை விட மிருது, கீறாது. குரோம் பூசின பிளாஸ்டிக்ல மட்டும் வேணாம். தேய்ச்ச உடனே வேக்ஸ் போடலைன்னா பினாங்குக் காத்துல ஒரு வாரத்துல திரும்ப வரும்.

பிறை பாலம்:

சரி, கலர்ல நீங்க சொல்றபடி. விக்கும்போது எஞ்சினைச் சூடு பண்ணி வெச்சுட்டுக் காத்திருக்காதீங்க. விவரமானவன் வந்ததும் பைப் மேல கை வெச்சுப் பாப்பான், சூடா இருந்தா மனசுல சந்தேகம் விழுந்தாச்சு. குளிர்ந்த எஞ்சினை அவன் கையாலயே சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ண விடுங்க. டெஸ்ட் ரைடு கொடுக்கறதுன்னா லைசன்ஸைப் பாத்துட்டு, விலையில ஒரு பகுதியாவது கையில வாங்கிட்டுக் கொடுங்க. பேர் மாத்துற வேலை முடியாம மோட்டாரை அனுப்பாதீங்க, அவன் வாங்குற சம்மனெல்லாம் உங்க வீட்டுக்கு வரும்.

கழட்டின ஒரிஜினல் சாமானை, பழைய ஹேண்டில் பார், சிக்னல், கண்ணாடி, ரிலே வரைக்கும், ஒரு பெட்டியில பேர் எழுதி வைங்க. விளம்பரத்துல அதைப் பத்தி மூச்சு விடாதீங்க. பேரத்துல கடைசி 200 வெள்ளிக்கு ஆள் முரண்டு பிடிச்சு நிப்பான் பாருங்க, அப்போ வெளிய எடுத்து வைங்க அந்தப் பெட்டியை.